ஓலைப்பட்டை இரண்டு

கீழ்வானின் செம்மை கடல்மேல் கரைந்து வழிய, பல்லவர் எடுத்த கற்கோயிலின் நிழல் ஈரமணலில் நீண்டு கிடக்க, மாசித் திங்களின் முழுநிலா சவுக்குத் தோப்பின் தலைமேல் வெளிறித் தயங்கி நின்ற அக்காலைப் பொழுதில், மாமல்லபுரத்துக் கரையெங்கும் கடலாட வந்த மக்களின் ஆரவாரம் அலையொலியோடு கலந்து எழுந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அது. அன்புமிகு படிப்போர் பொறுத்தருள வேண்டும். அவ்வழகையெல்லாம் கண்ணாரக் காணுமுன், கூட்டத்தினின்றும் ஒதுங்கிச் செருப்பைக் கையிலேந்தித் தென்புற மணல்மேட்டை நோக்கி நடக்கும் ஒருவரை நாம் பின்தொடர வேண்டியுள்ளது. அவர் செங்கற்பட்டு வழக்குரைஞர் நூர்முகமது. தாம் முதன்முதல் தூக்குக்கயிற்றினின்று மீட்ட எல்லப்பன் சிறையினின்று திரும்பிவிட்டான் எனக் கேட்டு வந்திருந்தார். இந்நாளில் அவன் எங்கிருப்பான் என்று எவரையும் வினவ வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

எட்டாண்டுகட்கு முன் இதே மணல்மேட்டின் அடியில், இதே மாசி நிறைநிலா நாளில், எல்லப்பன் தன் நண்பன் அருணகிரியைக் கத்தியால் குத்திக் கொன்றான். மீசை அரும்பிய நாள்தொட்டு இருவரும் ஒரே கரைவலையின் பங்காளிகள். மேட்டின்மேல் அமர்ந்து, நீரின் நிறம் மாறுவது கண்டு மீன்கூட்டம் வரும் திசையைத் துணி வீசிக் காட்டுவான் எல்லப்பன். அத்துணியின் அசைவையே நம்பிப் படகைச் செலுத்தி வலையை வளைப்பான் அருணகிரி. ஒரு கார்த்திகை நாளில் முகிலின் நிழலை மீன்கூட்டமெனக் கருதி எல்லப்பன் துணி வீச, குப்பம் முழுதும் கூடி இழுத்த வலை வெறுமையாய்க் கரையேறியது.

"இன்னா அண்ணாத்த, கண்ணு பூத்துப்போச்சா? நாளைக்கு என் பொஞ்சாதிய குந்த வெச்சாக்கூட மீனக் காட்டுவா!" என்றான் அருணகிரி. கரையே சிரித்தது.

"ஒரு நாளு உன்னப் பாத்துக்கறேன்டா!" என்று கூவி இறங்கிப் போனான் எல்லப்பன். அதன்பின் மூன்று திங்கள் இருவரும் முகம் பார்த்திலர்.

செங்கற்பட்டு முறைமன்றத்தில் அரசு வழக்குரைஞர் அச்சொல்லையே முதற்சான்றாக வைத்தார். கடலாட்டு நாளில் எவரும் வலை நனைப்பதில்லை. அவ்வாறிருக்க, அருணகிரி வரும் வழியில், தாழம்புதரின் மறைவில், இடுப்பில் கத்தியோடும் நெடும்பொழுது தங்குதற்கு வேண்டிய உணவோடும் இவன் விடியல்முதல் ஏன் அமர்ந்திருந்தான்? திடுமெனப் பொங்கிய சினத்தால் நேர்ந்த கொலைக்குச் சட்டம் சிறையளித்து இரங்கும். முன்னரே எண்ணி, பதுங்கியிருந்து செய்த கொலைக்கு இரக்கம் இல்லை என்று அவர் உரைத்தார்.

எல்லப்பனுக்காக வழக்காடிய இளைஞர் நூர்முகமது அன்று மாலையே சிறைக்குச் சென்று, "அவ்வழியே தற்செயலாக வந்தேன் என்று சொல்லிவிடு, எல்லப்பா" என்று கெஞ்சினார்.

"காத்துகினுதான் இருந்தேன் பாய். அவனுக்காவதான் குந்திகினு இருந்தேன். இல்லன்னு எப்புடி சொல்றது?"

"எதற்காகக் காத்திருந்தாய்? அதையாவது சொல்."

"அத்த மட்டும் கேக்காதீங்க. செத்தவன் பேரு கெட்டுப்பூடும்."

மறுநாள், கொலைநடந்த இடத்தில் எடுத்த பொருள்களின் பட்டியலை மன்ற எழுத்தர் உணர்ச்சியற்ற குரலில் படித்தார். "வலைக்கத்தி ஒன்று. உடைந்த சோற்றுக் கலயம் ஒன்று. பனையோலைப் பட்டை இரண்டு." கேட்டிருந்த நூர்முகமது, இருக்கையில் முள் தைத்தாற்போல் எழுந்தார். தனியே பதுங்கியிருப்பவனுக்கு உண்கலம் இரண்டு எதற்கு? மன்றத்தின் ஒப்புதல் பெற்று, வெளிமுற்றத்து வேப்பநிழலில் அழுதிருந்த எல்லப்பனின் மனைவி சம்பூர்ணத்தை அவர் சான்று கூற அழைத்தார்.

"வருசா வருசம் இந்த நாள்ல ரெண்டு பேரும் அந்தத் தாழம்புதர் நெழல்லதான் ஒண்ணா சாப்புடுவாங்க சாமி. அருணகிரி அண்ணனுக்குப் புளி ஆவாது. அதுக்காவ அன்னிக்கும் மாங்கா போட்டுத்தான் கொழம்பு ஆக்கித் தந்தேன். வெளிய சொல்லாதன்னு, தோ கூண்டுல நிக்குதே இது, என் வாயக் கட்டிப்புட்டுது."

"உண்ணப் போனவனுக்குக் கத்தி எதற்கு?" என்றார் அரசு வழக்குரைஞர்.

"கடலுக்குப் போறவன் இடுப்புல கத்தி இல்லாம, உங்கள மாரி பேனாவா இருக்கும்?"

மன்றம் சிரித்து அடங்கியது. கூண்டிலிருந்த எல்லப்பன் ஒருவனே சிரித்திலன். நடுவர் அவனை நோக்க, அணை உடைந்தாற்போல் அவன் வாய் திறந்தது. "வந்தான். உக்காருடான்னேன். குருடன் போடற சோத்தக் குருடன்தான் துன்னணும்னு சொல்லி, கலயத்த எத்தினான். அப்பால... கையில ரத்தம்."

"இவன் காத்திருந்தது மெய், முன்னரே எண்ணியிருந்ததும் மெய், ஆயினும் எண்ணியது கொலையன்று, விருந்து" என்றார் நடுவர். தூக்கு நீங்கி ஏழாண்டுச் சிறையாயிற்று.

இவற்றையெல்லாம் நெஞ்சில் அசைபோட்டவாறே தாழம்புதரை அடைந்த நூர்முகமது, தலை முழுதும் நரைத்த எல்லப்பனைக் கண்டார். அவன்முன் புதுக்கலயம் ஒன்றும் ஓலைப்பட்டை இரண்டும் இருந்தன. மணலில் மிதிபடும் ஓசை கேட்டு, எதிரே நிற்பவரை இன்னாரென அறியாதவனாய், "ஆரு?" என்று கையால் கண்ணுக்கு மேல் நிழலிட்டுப் பார்த்தான்; வந்தவரின் குரல் கேட்டபின்னரே "வாங்க பாய்" என்று முகம் மலர்ந்தான்.

"பார்வை இவ்வளவு மங்கிவிட்டதா? சிறை செய்த கொடுமையோ?"

"செயிலு இன்னா பண்ணும் பாய். அந்தக் கார்த்திகைலயே மங்கிப்போச்சு. அருணகிரி சொன்னது நெசந்தான். எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டானேன்னுதான் எனக்கு ரோசம். நீ சொன்னது சரிதாண்டா, இனிமே நீயே மேட்டுல குந்துன்னு சொல்லத்தான் அன்னிக்குக் காத்துகினு இருந்தேன்."

எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ நெஞ்சங்களின் முன்னெண்ணத்தை எடைபோட்ட நூர்முகமது, மூன்று திங்கள் எண்ணி எண்ணிக் கனிந்த ஒரு சொல், ஒரு நொடி பிந்தியதால் என்றும் சொல்லப்படாமற் போனதை எண்ணித் தலைகுனிந்தார். எல்லப்பன் இரு பட்டைகளிலும் சோறிட்டு, தடவித் தடவி மாங்காய்க் குழம்பு வார்த்து, ஒன்றைத் தன் எதிரிலிருந்த வெற்றிடத்தில் வைத்தான். மற்றதை நூர்முகமதுவின் கையில் தந்துவிட்டு, தான் உண்ணாமல், இனித் தனக்கு நிறம் காட்டாத கடலை நோக்கி அமர்ந்திருந்தான்.