கன்னம் சிவந்த வடிவு

சந்திரனுக்கு வாய் பெரிது. கிளட்ச் தேய்ந்த ஜீப்பையும் திட்டுவான், குறுக்கே வரும் ஆட்டையும் திட்டுவான், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வானத்தைத் திட்டுவான். ஆனால் தாலி கட்டிய நாளிலிருந்து அவன் கை ஓங்கிக் கலைவாணி பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனை அவள் ஒருநாள் சந்தேகப்பட்டாள்.

மூன்று வயது மகள் வடிவுக்குப் போன வாரம் லேசான காய்ச்சல், மூக்கொழுகல். இரண்டே நாளில் விட்டுவிட்டது. அந்த தைரியத்தில் கலைவாணி புளியமரம் உலுக்கும் வேலைக்குப் போனாள். ஜீப் ரிப்பேரில் கிடந்ததால் சந்திரன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டான். மத்தியானம் அவள் திரும்பி வந்தால், வடிவின் இரண்டு கன்னமும் தக்காளியாகச் சிவந்திருந்தன. பளார் பளாரென்று யாரோ அறைந்தது போலவே இருந்தது.

"இன்னாய்யா பண்ண புள்ளய?"

"நான் இன்னா பண்ணேன்? காலையில இருந்தே செவந்துனு வருது. வெயில்னு நெனச்சேன்."

"வூட்டுக்குள்ள ஏதுய்யா வெயில்?" என்றவள் பிள்ளையின் முன் குந்தினாள். "யாரு கண்ணு அடிச்சா?"

"அப்பா," என்றாள் வடிவு, பல்லைக் காட்டிக்கொண்டு.

எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் இப்போது வாயடைத்து நின்றதே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. சந்திரன் உள்ளே போய் சாமி மாடத்திலிருந்து கற்பூரக் கட்டி ஒன்றை எடுத்து வந்து நீட்டினான்.

"கொளுத்து. உள்ளங்கையால அணைச்சி சத்தியம் பண்றேன்."

அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு சாட்சி கிடையாது. கலைவாணி அப்போதே நம்பியிருக்க வேண்டும். நம்பவில்லை. கற்பூரத்தைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "சத்தியம்லாம் வேணாம். நர்சம்மா கிட்ட காட்டலாம் வா."

பக்கத்து ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு நடந்தே போனார்கள். சந்திரன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வடிவு அவன் தலைமுடியைப் பிடித்து ஜீப் ஓட்டிக்கொண்டே போனாள்.

நர்ஸ் ஆனந்தி காய்ச்சல் வந்ததைக் கேட்டாள், நெற்றியைத் தொட்டாள், கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினாள். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தது.

"அறைஞ்சிருந்தா வெரல் தடம் இருக்கும். இதுல எங்கம்மா தடம்? இது ஒரு வைரஸுங்க. மொதல்ல காய்ச்சல் வரும், அது போய் ரெண்டு மூணு நாள் கழிச்சி கன்னம் இப்படி செவக்கும். அப்புறம் கையில கால்ல வலை மாதிரி தடிப்பு வரும். வெயில்ல போனா இன்னும் செவக்கும். பயப்படாதீங்க, தானா போய்டும். வூட்டுல யாராச்சும் முழுகாம இருக்காங்களா?"

"இல்லீங்க."

"இருந்தா சொல்லணும், அவங்களுக்குத்தான் இது ஆகாது. புள்ள சோர்ந்து படுத்துட்டாலோ, தண்ணி குடிக்கலன்னாலோ, மூச்சு வாங்கினாலோ, அழுத்தினா மறையாத புள்ளி வந்தாலோ ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்டுங்க."

"கேட்டா அப்பா அடிச்சாருன்னு சொல்லுதுங்களே," என்றாள் கலைவாணி மெதுவாக.

ஆனந்தி வடிவைப் பார்த்தாள். "பாப்பா, இந்த ஃபேன யாரு போட்டா?"

"அப்பா."

"என் சேர்ல யாரு உக்காந்திருக்கா?"

"அப்பா."

ஆனந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சந்திரன் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்க்கக் கலைவாணிக்கு நெஞ்சு வலித்தது. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் கற்பூரத்தைக் கொளுத்தாமலே மாடத்தில் வைத்தாள். ராத்திரிக் களியோடு அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் ஜீப் சரியாகிவிட்டது. மலையிறங்கி ஒடுகத்தூர் போக ஆட்கள் ஏறினார்கள். முன் சீட்டில் கலைவாணி, மடியில் வடிவு. வெயில் பட்டுப் பிள்ளையின் கன்னம் இன்னும் சிவந்திருந்தது. பின்னால் ஏறிய வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி, பச்சப் புள்ளய இன்னாத்துக்குடி இந்த அறை அறைஞ்ச?"

கலைவாணி வாயைத் திறப்பதற்குள் சந்திரன் திரும்பினான்.

"அவ கை ஓங்க மாட்டா. அவள எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்த செவப்பு அது, ஏறி உக்காரு."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு வழக்கம்போல கியரைத் திட்டி வண்டியை எடுத்தான். ஒரு நொடி கூட யோசிக்காமல் சொன்னானே என்று கலைவாணிக்குக் கண் நிறைந்தது. ஜீப் முதல் வளைவில் இறங்கும்போது பிள்ளையின் காதில் குனிந்தாள். ஆனால் அவனுக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்கி தப்பு பண்ணது யாரு கண்ணு?"

"அப்பா."

"இல்லடா. அம்மா."

வடிவு நம்பவில்லை. "அப்பா," என்றாள் மறுபடி, உறுதியாக.

"ஆமாண்டி, எல்லாத்துக்கும் நான்தான்," என்றான் சந்திரன். மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தான்.