நாலடுக்குக் காலுறை

சயோரியின் காலில் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு காலுறை. மாமியார் தொமிகோவின் உத்தரவு. கால் சில்லிட்டால் கர்ப்பப்பை சில்லிடும், கர்ப்பப்பை சில்லிட்டால் பிள்ளை தங்காது. ஆறு வருஷமாக வீட்டில் இதே பாட்டுதான். ஆகஸ்ட் வெக்கையிலும் சுடச்சுட இஞ்சித் தண்ணீர். ஐஸ்கிரீமைக் கண்ணால் பார்த்ததோடு சரி. ஒரு கல்யாணத்தில் சில்லென்று ஒரு வாய் பீர் குடித்துவிட்டாள் என்று மாமியார் ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

பிள்ளைக்காகப் பார்க்கப் போன ஒய்தா நகரத்து டாக்டரம்மாதான் காலுறைக் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"கர்ப்பப்பை உடம்புக்குள்ள இருக்கும்மா. கால்ல எதை மாட்டினாலும் அதோட சூடு அதேதான். முட்டை உங்களுக்கு மாசாமாசம் ஒழுங்கா வருது. வந்தா ஒரு நாள்தான் உயிரோட இருக்கும். அதுக்குள்ள உயிரணு போய்ச் சேரணும். போய்ச் சேர ஆள் வேணாமா?" என்று கணவன் தத்சுரோ பக்கம் திரும்பினார். "சூடு ஆகாதது உங்களுக்குத்தான். உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கணும்னுதான் விதைப்பையை வெளியில தொங்க விட்டிருக்கு. நீங்க தினம் வெந்நீர்ல போட்டு அவிச்சு எடுக்குறீங்க. புது உயிரணு உருவாகி வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் தொட்டியில இறங்காதீங்க. அப்புறம் பார்க்கலாம்."

நல்லாச் சொன்னார் போங்கள்! வெந்நீர் ஊற்று ஊரான பெப்புவில் பிறந்தவனைப் பார்த்துத் தொட்டியில் இறங்காதே என்கிறார். தெருவுக்குத் தெரு ஊரே கூடிக் குளிக்கிற ஊற்றுத் தண்ணீர்ப் பொதுக் குளியலறை. தோல் உரிகிற சூடு. யாராவது பச்சைத் தண்ணீர்க் குழாயைத் தொட்டால் கிழங்களெல்லாம் சேர்ந்து கடித்துக் குதறிவிடும். ஒருத்தன் நாலு நாள் வரவில்லை என்றால் உடம்புக்கு என்ன என்று வீடு தேடி வந்து கேட்பார்கள்.

ஆனாலும் தத்சுரோ தலையாட்டினான். பஸ் ஓட்டி முடித்ததும் டிப்போவிலேயே குளித்துவிடுவதாகச் சொன்னான். தினமும் ஈரத் தலையோடு வந்து நிற்பவனைப் பார்க்கப் பார்க்க சயோரிக்கு நெஞ்சு நிறைந்தது. முப்பத்தொன்பது முடியப் போகிறது அவளுக்கு. இந்த மனுஷன் எனக்காகத் தொட்டியையே விட்டுவிட்டாரே என்று ஒருநாள் சமையலறையில் நின்று அழக்கூட அழுதாள், பைத்தியக்காரி.

மூன்று மாதம் முடிந்து, இன்று மறு பரிசோதனையின் முடிவைக் கேட்கப் போனாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உயிரணு இன்னும் குறைஞ்சிருக்கு. இந்த வயசுல மூணு மாசம் உங்களுக்குச் சின்ன விஷயம் இல்லம்மா. நெஜமாவே தொட்டியை விட்டாரா?"

"சத்தியமா விட்டுட்டார் டாக்டர்" என்று அடித்துச் சொன்னாள் சயோரி.

ரயிலை விட்டு இறங்கும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாகச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குளிக்கப் போவாள். இன்று குளிர் தாங்காமல் நேரே தெருப் பொதுக் குளியலறைக்குள் நுழைந்தாள். தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் மாமியார் மட்டும் இருந்தாள். இவளைக் கண்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இந்நேரத்துக்கு எங்கடி வந்த? வீட்டுக்குப் போய் உலையை வை, போ."

"உடம்பெல்லாம் விறைச்சுப் போச்சு அத்தை."

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சுவர். அது கூரைவரை கிடையாது. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

"தத்சுரோ, நீ ஒருத்தன்தான்டா ஒரு நாள் தவறாம வர்ற" என்றது மதுக்கடை ஹமதாவின் குரல். "என்ன, வீட்டுல இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

"அவளுக்கு உடம்பு சில்லுன்னு கிடக்குண்ணே. என்ன பண்ணச் சொல்றீங்க? என் தலையெழுத்து."

"நல்லா ஊறிட்டுப் போ. உன் சூடாவது அவளுக்கு ஏறட்டும்!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. தத்சுரோவும் சேர்ந்து சிரித்தான்.

சயோரி காலுறைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க!" என்று போட்டாள் ஒரு சத்தம். "எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு டாக்டர் சொன்னப்போ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க? தினம் இதுல கிடந்து அவிச்சுக்கிட்டது யாரு? அதையும் ஹமதா அண்ணன்கிட்ட சொல்லுங்க!"

 

தொமிகோ தொட்டியிலிருந்து பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"பாவி, குடும்ப மானத்தை வாங்கிட்டியே! அவன் வரலைன்னா ஏன் வரலைன்னு ஊர் கேக்காதா? நான்தான் அவனைப் போடான்னு அனுப்பினேன்."



"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"என் பிள்ளை என்கிட்ட மறைப்பானா? டாக்டர் சொன்ன அன்னிக்கே சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா இன்னிக்குக் காலையிலகூட எனக்கு இஞ்சித் தண்ணி கொடுத்தீங்க?"

"நிறுத்தியிருந்தா நீ ஏன்னு கேட்டிருப்பியே" என்றாள் தொமிகோ, ஏதோ நியாயம் பேசுகிறவள் மாதிரி.

மூன்று மாதம். இந்த வயதில் அதை யார் அவளுக்குத் திருப்பித் தருவார்கள்? சயோரி மிச்சமிருந்த காலுறைகளையும் உருவி, எல்லாவற்றையும் சேர்த்து மாமியாரின் துணிக்கூடையில் போட்டாள். வெறுங்காலை ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பாமல் வந்த வழியே ரயில் நிலையத்துக்கு நடந்தாள். பனி ஷூவுக்குள் இறங்கியது, கால் சில்லிட்டது, அவள் நிற்கவில்லை.