பஞ்சு விரித்த சாலை

புருஷன் இசக்கிப்பாண்டியைப் போலக் காலுக்குச் செல்லம் கொடுக்கிற ஆளை மாடம்மாள் பார்த்ததில்லை. திருவனந்தபுரத்தில் நாள் முழுக்கச் செங்கல் சுமக்கிறவன்தான். ஆனால் பச்சை வேட்டி கட்டி, தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரை புறப்பட்டுவிட்டால் வாய் ஓயாது. "காலைல தாருல நட. வெயிலேறினா செம்மண் ஓரம். சரளைப் பக்கம் மட்டும் போயிராத, கேட்டியா?" வருஷா வருஷம் இதே பாட்டு. வெறுங்காலில் ஒரு கல் குத்தினால் போதும், அலறி ஊரைக் கூட்டிவிடுவான்.

இந்த வருஷம் அந்த ஆளையே காணோம். பள்ளிச்சல் தாண்டி, ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த சரளை மேலேயே விறுவிறுவென்று போனான்.

"ஏங்க, குத்தலையா?"

"குத்தவா? பஞ்சு மேல நடக்கிற மாதிரில்லா இருக்கு! எல்லாம் முருகன் விரிச்சதுளா."

கூட நடந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு விஜயம் அவன் காலையே தொட்டுக் கும்பிட்டாள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மாடம்மாள் மட்டும் அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். வலியசாலையில் அவள் வேலை செய்கிற வீட்டு வெங்கடசுப்ரமணியன் சாரும் இதே பஞ்சைத்தான் சொன்னார். சர்க்கரை வியாதியில் கால் மரத்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். அடுத்த ஓணத்துக்குள் ஒரு பாதத்தையே எடுத்துவிட்டார்கள். கட்டு மாற்றிவிட்டவள் இவள்தான்.

பாலராமபுரத்தில் டீக்கடை பெஞ்சில் அவன் காலை நீட்டி உட்கார்ந்தான். அவள் பிடித்துவிடுகிற சாக்கில் பாதத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். தாலிச்சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். முருகா, இந்த மனுஷன் கத்தட்டும், என்னை நாலு அறை அறைந்தாலும் சரி என்று வேண்டிக்கொண்டே உள்ளங்காலில் குத்தினாள்.

ரத்தம் துளிர்த்தது. இசக்கிப்பாண்டி விஜயத்திடம் முருகன் மகிமையைச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"போதுங்க. குனிஞ்சு பாருங்க."

பார்த்தான். "எப்பம் குத்துன?"

"இது பஞ்சு இல்லங்க. சாருக்கு வந்த அதே நோவு." அவள் ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள். "திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"அப்பம்... முருகன்?"

அவள் ஊக்கைத் துடைத்துச் சரட்டில் மாட்டினாள்.

அவன் எழுந்துபோய் ரோட்டோரச் சரளையில் ஏறி நின்றான். ஓங்கி ஓங்கி மிதித்தான். "இப்பம் குத்துதுளா. நல்லாவே குத்துது," என்றான்.

பொய். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. மாடம்மாள் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திருவனந்தபுரத்துக்கே திரும்புகிற, எதிரே வந்த தம்பானூர் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.