சேற்றில் விழுந்த குதிரை

எவரிஸ்டோ குதிரைக்கு அடியில் சேற்றில் கிடந்தது இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். தீவன லாரி முதல் நடை வந்து போனதற்கும் இரண்டாம் நடை வந்ததற்கும் இடைப்பட்ட நேரம் அது. முதல் நடையில் அவர் சேணத்தில் இருந்தார். டிரைவரைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். இரண்டாம் நடையில், பட்டியிலிருந்த மாடுகளெல்லாம் வட்டமாகக் கூடி எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. அதனால்தான் டிரைவர் லாரியை நிறுத்தினார்.

அது போன வியாழக்கிழமை. இன்று செவ்வாய்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. டெல்ஃபினா லாயத்தில் சேணத்தைத் தூக்கிக் குதிரையின் முதுகில் போட்டாள். குளிரில் தோல் பலகைபோல விறைத்திருந்தது. கடிவாளத்தின் இரும்பைக் கையுறைக்குள் பொத்திக் கொஞ்சம் சூடேற்றிய பிறகே குதிரையின் வாய்க்குக் கொடுத்தாள். அந்தப் பக்கம் தீவன ஆலையில் சோளம் வேக ஆரம்பித்துவிட்டது. நீராவி எழும்ப முடியாமல் தரையோடு படுத்து நகர்ந்தது. வெந்த சோள வாசனையும் மூத்திர நெடியும் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. அதற்கப்பால் ஒன்றுமில்லை. மரமில்லை, மேடில்லை, டெக்சஸின் இந்த மூலையில் கண்ணுக்கு எட்டியவரை கம்பிவேலியும் மாடுகளும்தான்.

பட்டி பட்டியாகக் குதிரையில் போய் நோயுள்ள மாடுகளைப் பிரித்தெடுக்கும் இந்த வேலைக்கு வருகிறவர்கள் சொந்தக் குதிரைகளோடு வரவேண்டும். புல் பண்ணையுடையது, குதிரை ஆளுடையது. ஒருவர் குதிரையில் இன்னொருவர் ஏறக் கூடாது. ஏறியது தெரிந்தால் கொடுத்தவருக்கும் வேலை போகும், வாங்கியவருக்கும் போகும்.

முன்பு ஆறு பேர் இருந்தார்கள். இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் பட்டிக்குள் நுழைந்து மாடுகளுக்கிடையே மெதுவாகக் குதிரையை நடத்துவார். மற்றவர் கதவருகே நின்று பார்த்துக்கொள்வார். சென்ற இலையுதிர் காலத்தில் இரண்டு பேரை அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த நான்கு பேரையும் தனித்தனியாகப் போகச் சொன்னார்கள். மாடுகள் குறையவில்லை. காலையில் சேணம் ஏறினால் இருட்டும்வரை இறங்க முடியாது. பேச ஆளில்லை. சில நாட்களில் டெல்ஃபினா சாயங்காலம் வாயைத் திறந்தால் குரல் உடனே வராது.

மனிதர்கள் தாங்கினார்கள், குதிரைகள் தாங்கவில்லை. எவரிஸ்டோவின் மூன்று குதிரைகளில் ஒன்று நொண்டியது. ஒன்றுக்கு முதுகெல்லாம் புண். மூன்றாவது வியாழக்கிழமை காலை எழுந்து நிற்கவே மறுத்துவிட்டது. குதிரை இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அவர் வெறுஞ்சேணத்தைத் தோளில் போட்டபடி லாயத்து வாசலில் நின்றிருந்தார்.

"கனேலாவ எடுத்துக்குங்கண்ணே," என்றாள் டெல்ஃபினா. "ஒரு நாளைக்குத்தானே."

கனேலா அவளுடைய பெட்டைக் குதிரை. இலவங்கப்பட்டை நிறம், பன்னிரண்டு வயது. இந்தப் பட்டிகளின் ஒவ்வொரு பள்ளமும் அதற்குத் தெரியும். ஆனால் முப்பத்தொன்பதாம் பட்டியின் தண்ணித்தொட்டி ஒரு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. தொட்டி பார்க்கிற ஆளையும் பண்ணை அனுப்பிவிட்டது. ஒழுகிய தண்ணீர் உறைந்து, அதன்மேல் சேறு படிந்து, பார்வைக்குச் சாதாரணத் தரையாகவே இருந்தது.

அதில் வழுக்கி விழுந்த கனேலாவின் முன்னங்கால் முறிந்துபோயிருந்தது. சுட்டது வெண்டெல். இருப்பவர்களில் வயதில் பெரியவர் அவர்தான், எனவே அந்த வேலை அவருக்கு வந்தது. பிறகு மண் அள்ளும் இயந்திரம் வந்து கனேலாவைத் தூக்கி, அன்றைக்குச் செத்திருந்த மாடுகளோடு கொண்டுபோய்ப் போட்டது. மேலாளர் கார்லண்ட் பக்கத்திலேயே நின்றார். குதிரையின் உடம்பெல்லாம் சேறு. சேணம் எவரிஸ்டோவுடையது. சேணத்தைப் பார்த்துக் குதிரையும் எவரிஸ்டோவுடையதுதான் என்று அவர் முடிவுகட்டினார். டெல்ஃபினா தன் குதிரையின் ஏற்கெனவே இறுகியிருந்த வார்ப்பட்டையை மறுபடி இறுக்கிக்கொண்டு நின்றாள். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எட்டு வருடம் தினமும் தொட்ட கழுத்து இயந்திரத்தின் ஓரத்தில் தொங்கியபடி போயிற்று. யாரோ ஒருவருடைய குதிரை போகிறது என்பதுபோல அவள் பார்த்திருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். எவரிஸ்டோவின் காலில் வெளிப்பக்கமாகக் கம்பிகள் பூட்டியிருந்தார்கள். இங்கே இதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது, இந்த வாரத்துக்குள் லப்பக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எலும்பைச் சேர்த்தால் உண்டு, இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவைப் பண்ணை ஏற்றால் கொண்டுபோகலாம். பண்ணை மறுத்துவிட்டது. பழக்காத குதிரையைக் கொண்டுவந்தது அந்த ஆளின் தவறு, விழுந்தது அவருடைய பொறுப்பு என்று கார்லண்ட் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் போய்ச் சொல்கிறேன் என்று டெல்ஃபினா ஆரம்பித்தாள். எவரிஸ்டோ கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீ வாயத் தொறக்காத தங்கச்சி. எனக்குக் கால் போனாப் போகட்டும். உனக்கு வேலையும் போய் வீடும் போகணுமா?"

அவள் இருந்தது பண்ணை கொடுத்த தகரவீடு. வேலை போனால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். மிச்சமிருக்கும் இரண்டு குதிரைகளோடு பிப்ரவரிக் குளிரில் எங்கே போவது? எவரிஸ்டோவின் மனைவி எல்பா கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டிப் பொட்டலம் ஒன்றை டெல்ஃபினாவின் கையில் திணித்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. பொட்டலம் வழியெல்லாம் சுட்டது. அவளால் சாப்பிட முடியவில்லை.

வெண்டெல் சேண அறைக்குள் வந்து காபியை ஊற்றிக்கொண்டார். பின்னாலேயே நார்சிஸோ வந்தான். மூன்று பேரில் அவன்தான் இளையவன்.

"நேத்து நாலாயிரம் மாட்டோட பேசினேன்," என்றார் வெண்டெல். "ஒண்ணுகூட பதில் சொல்லல. மாமியார் வீட்டுக்குப் போன மாதிரியே இருந்துச்சு."

நார்சிஸோ சிரித்தான். வெண்டெல் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் தனியாக ஒரு பட்டிக்குள்ளும் போகப்போவதில்லை என்றார். ராத்திரி படுத்தால் அந்த இரண்டு மணி நேரம்தான் நினைவுக்கு வருகிறதாம். தான் பட்டிகளுக்கிடையே அடுத்த சந்தில்தான் இருந்தாராம். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் கூப்பிட்டது கேட்கவில்லையாம்.

சீட்டைக் கிழித்துவிடுவார்களே என்றான் நார்சிஸோ. வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருக்கிறது, மனைவிக்கு இன்னும் உடம்பு தேறவில்லை. வெண்டெல் அதை மறுக்கவில்லை. கிழித்தாலும் கிழிப்பார்கள் என்றார். மறுபடி நார்சிஸோதான் பேசினான்.

"மூணு பேரும் சேர்ந்து போனா மூணு பேரையும்ல அனுப்பணும். அப்புறம் மாட்ட யாரு பாக்கறது? கார்லண்ட் சாரோட பிக்கப் வண்டியா?"

கதவருகே வெண்டெல் நின்று டெல்ஃபினாவுக்கு வழிவிட்டார்.

"குதிரை விஷயம் எங்க வாயிலேருந்து வராது புள்ள," என்றார் தணிந்த குரலில். "அது உன் பேச்சு. சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, நாங்க பக்கத்துலதான் நிப்போம்."

அப்படியென்றால் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? குதிரையோடு வாழ்கிறவர்களுக்குச் சேறு ஒரு மறைப்பா? அவளுக்காகவே இத்தனை நாள் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதை நினைத்தபோது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அத்தனை பேருடைய மௌனத்துக்கும் நடுவே தான் மட்டும் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

மூன்று குதிரைகளும் வரிசையாகச் சந்தில் இறங்கின. முதல் பட்டிக்குள் அவள் போனாள். மற்ற இருவரும் கதவருகே நின்றார்கள். நோயுள்ள மாடு குதிரையைக் கண்டால் தலையைத் தூக்கும். நன்றாக இருப்பதுபோல நாலடி நடந்தும் காட்டும். நேராகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். வேறெங்கோ பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். அப்போது காது சாயும், விலா உள்வாங்கும். வெள்ளிக்கிழமையிலிருந்து டெல்ஃபினாவும் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தாள். இன்று ஒரு கறுப்புக் காளை அப்படி நடந்து காட்டியது. அவள் அதை மெதுவாக ஒதுக்கினாள். நார்சிஸோ கதவைத் திறந்து அதை வைத்தியப் பட்டிக்கு ஓட்டினான். பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்காக ஒருவர் கதவு திறந்தார்.

முப்பத்தொன்பதாம் பட்டிக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தொட்டி இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சேறு மற்ற இடங்களைவிடக் கறுப்பாகப் பளபளத்தது. மூன்று பேரும் உள்ளே போகாமல் வாசலிலேயே குதிரைகளை நிறுத்தினார்கள்.

கார்லண்டின் பிக்கப் சந்தில் வேகமாக வந்து நின்றது. அவர் கண்ணாடியை இறக்கினார்; இறங்கவில்லை.

"என்ன ஊர்வலமா?"

"ஜோடியாப் போறோம் சார்," என்றார் வெண்டெல். "ஆள் மூணாப் போச்சு, அதனால ஜோடில ஒருத்தர் அதிகம்."

"இப்படிப் போனா சாயங்காலத்துக்குள்ள பாதிப் பட்டிகூட முடியாது."

"முடியாதுதான்."

"சொன்ன வேலையச் செய்யாதவங்கள என்ன செய்வோம்னு தெரியும்ல?"

"தெரியும் சார்," என்றான் நார்சிஸோ. "மூணு பேரயும் செய்யுங்க."

கார்லண்ட் இப்போதுதான் இறங்கினார். அவர் கத்தவில்லை. தோளில் கைபோடுகிறவர் போலப் பேசினார். மேலே இருப்பவர்கள் தன்னையும் நெருக்குகிறார்கள், இந்த வருடம் தீவன விலை எங்கேயோ போய்விட்டது, நாலு பேரை வைத்திருப்பதே தான் மன்றாடி வாங்கியது என்றார். வெண்டெல் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று காரியங்கள் சொன்னார். பட்டிக்குள் இரண்டு பேராகத்தான் போவார்கள். இந்தத் தொட்டியை இன்றைக்கே அடைக்க வேண்டும். எவரிஸ்டோவை லப்பக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

"எவரிஸ்டோ கதைய இதுல சேர்க்காத," என்றார் கார்லண்ட். "பாதி பழக்கின குதிரையக் கொண்டுவந்தான், கீழ போட்டுச்சு. அதுக்குப் பண்ணை என்ன பண்ணும்? நேத்து நீங்களும்தான் இதே பட்டிக்குள்ள போனீங்க. யாராவது விழுந்தீங்களா? நல்ல குதிரைன்னா இந்தப் பனி ஒண்ணும் செய்யாது."

"பழக்காத குதிரைன்னு யாரு சொன்னா?" என்றார் வெண்டெல்.

"அவன் குதிரை எப்படின்னு நான் பாத்திருக்கேன். வேற யாருக்காவது வேற மாதிரி தெரிஞ்சா சொல்லட்டும். நானே மேல பேசறேன். இல்லன்னா வேலையப் பாருங்க."

காற்று வேலிக்கம்பியில் ஊதிக்கொண்டிருந்தது. வெண்டெல் தொட்டியைப் பார்த்தார். நார்சிஸோ தன் குதிரையின் காதுகளைப் பார்த்தான். இரண்டு பேரும் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் வெண்டெலின் குதிரை ஓரடி நகர்ந்து வந்தது. அந்தப் பக்கம் நார்சிஸோவுடையதும் வந்தது. இரண்டு பக்கமும் கால் நுழைக்கும் அங்கவடிகள் அவளுடைய அங்கவடியில் உரசின. குதிரைகளின் மூச்சு ஒரே வெள்ளைப் புகையாக முன்னால் எழுந்தது.

தகரவீட்டின் கதவு ஒருமுறை அவள் கண்முன் வந்துபோயிற்று. காலையிலிருந்து அவள் நாலு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. குரல் வருமா என்று சந்தேகமாக இருந்தது. தொண்டையைச் செருமினாள்.

"அவ பேரு கனேலா சார்."

கார்லண்ட் திரும்பினார். "எவ பேரு?"

"நீங்க செத்த மாட்டோட கொண்டுபோய்ப் போட்டீங்களே, அவ பேரு. பாதி பழக்கினதில்ல. எட்டு வருஷமா இதே பட்டிங்களுக்குள்ளதான் வேலை பாத்தா, ஒரு தடவகூடக் கால் இடறினதில்ல. அன்னிக்கு எவரிஸ்டோ அண்ணனுக்குக் குதிரை இல்ல. நான்தான் குடுத்தேன்." அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "அது என் குதிரை."