என் பெயரில் ஒரு கோப்பு

தங்கையின் முதுகுத் தண்டு முன்பே எவ்வளவு கதிரை வாங்கியிருக்கிறது என்று தெரியாமல் கைவைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கைக்கு இருபது வயதில் நெஞ்சுக்குள் ஒரு கட்டி வந்து, இதே மருத்துவமனையில் கதிர் சிகிச்சை கொடுத்துக் குணமாகியிருந்தது. இப்போது நாற்பதைத் தாண்டியவளுக்கு அந்த இடத்துக்கு நேர் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இன்னொன்று. தண்டு தாங்குவதற்கு ஓர் அளவு இருக்கிறதாம். முன்னால் கொடுத்தபோது அது தப்பியிருந்தால் மறுபடி கொடுக்கலாம். தப்பவில்லையென்றால், கொடுக்கிற கதிரே கால்களைச் செயலிழக்க வைத்துவிடும்.

“பழைய பிளான், எங்கெங்க எவ்வளவு கதிர் குடுத்தாங்கங்கிற கணக்கு, கிடைச்சா ஒரு வழி சொல்றேன். குருட்டாம்போக்குல நான் செய்ய மாட்டேம்மா,” என்றார் டாக்டர். தங்கையைவிட இளையவர். சொல்லும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

காகிதங்களை எப்போதோ அழித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது பேக்கப் மட்டும். கீழ்த்தளத்தில், ஏசி இரைச்சலும் தூசி வாசனையுமாக இருந்த கம்ப்யூட்டர் அறையில் ஓர் இரும்பு அலமாரி. அதில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வட்டத் தகடு. அவற்றை எழுதிய இயந்திரம் எடைக்குப் போய்விட்டது. செய்த கம்பெனியும் மூடியாகிவிட்டது.

“பேக்கப் எடுன்னாங்க, வாரம் தவறாம எடுத்தோம். எடுத்ததைத் திறந்து பாருன்னு ஒருத்தரும் சொல்லலை,” என்றார் அங்கே பொறுப்பிலிருந்தவர். ஓய்வு பெறப்போகிற வயது. தன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி வைத்திருந்தார். கண் சிகிச்சைப் பிரிவு கழித்துப்போட்ட சாமான்களில் இருந்து, இந்தத் தகட்டைப் படிக்கிற டிரைவ் ஒன்றை அவர் தேடிப்பிடித்தார். அதன் லென்ஸைப் பஞ்சால் துடைத்து, அதற்கு ஏற்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் எழுப்பி உட்காரவைத்தார். முதல் தகடு உள்ளே போனதும் டிரைவ் வறட்டு இருமல் இருமியது. “கிழத்தைத் தூக்கத்துல எழுப்பினா திட்டத்தான் செய்யும்,” என்றார். நான் சிரித்தேன். சிரிக்க முடிந்ததே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

படிக்க முடிந்தது. பெயர்ப் பட்டியலும் வந்தது. ஆனால் அதில் தங்கையின் பெயர் இல்லை. அந்த வருடத்துத் தகடுகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். பெயரை இப்படியும் அப்படியும் அடித்துப் பார்த்தார். வயதை வைத்தும் தேடினார். அந்த வயதில் ஒருத்தியும் இல்லை.

“இங்கதான் காட்டினாங்கன்னு நல்லாத் தெரியுமா மேடம்?”

எனக்குத் தெரியாது. அப்போது நான் கல்யாணமாகி வேறு ஊரில் கைக்குழந்தையோடு இருந்தேன். தங்கைக்கு நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, ஏதோ வெளிச்சம் காட்டுகிறார்கள் என்றுதான் அம்மா போனில் சொன்னார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. குழந்தைக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது.

மேலே வார்டுக்குப் போய், பெயரே இல்லையாம் என்றேன். தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“அக்கா, உன் பேர்ல தேடச் சொல்லு.”

எனக்குப் புரியவில்லை.

“அம்மாதான் உன் பேரைக் குடுத்தாங்க, உன் வயசையும். உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, எனக்கு இனிமேதானே ஆகணும், வெளியில தெரிஞ்சா நடக்காதேன்னு. தேதியை வெச்சுத் தேடுவாங்கன்னு நினைச்சுதான் வாயை மூடிட்டு இருந்தேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க.”

அம்மா இறந்து வெகுகாலம் ஆயிற்று. எந்தக் கல்யாணத்துக்காக மறைத்தாரோ, அதுவும் நிலைக்கவில்லை. தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள்.

அந்தக் கணத்தில் எனக்குத் தங்கைமேல் இரக்கம் வந்ததாகச் சொன்னால் பொய். முதலில் வந்தது பயம். இத்தனை வருடங்களாக என் பெயர் அந்த நோயோடு ஓர் இரும்பு அலமாரிக்குள் கிடந்திருக்கிறது என்ற பயம். நான் சமைத்தபோதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியபோதும் அது அங்கே கிடந்திருக்கிறது. கை தானாக நெஞ்சைத் தடவிப் பார்த்தது. தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

“தினம் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. எழுந்து போவேன். உள்ள தனியா படுக்க வெச்சுட்டுக் கதவைச் சாத்திடுவாங்க. அப்ப, இது எனக்கு இல்ல, அக்காவுக்குத்தான் நடக்குதுன்னு நினைச்சுக்குவேன். நீ எதையும் தாங்குவியே.” கொஞ்சம் நிறுத்தி, “கோவமா?” என்றாள்.

இல்லை என்றேன். அது கோபம் இல்லை. எனக்குத் தெரியாமலே நான் அவளோடு அந்த அறைக்குள் இருந்திருக்கிறேன். அவளுக்கு உதவியாக இருந்த ஒரே சமயம் அதுதானோ என்று தோன்றியது.

என் பெயரை அடித்ததும் கோப்பு உடனே வந்தது. முதலில் படங்கள் திறந்தன. முன்பக்கமிருந்து எடுத்த ஒன்றில், இடது காறையெலும்பு நடுவில் மேடாகத் தெரிந்தது. ஏழு வயதில் தங்கை மாடிப்படியில் உருண்டு விழுந்தபோது உடைந்து, கோணலாகக் கூடிய எலும்பு. மேலே என் பெயர், கீழே என் தங்கை. சாம்பல் நிறத்தில், இருபது வயதில், மூச்சை அடக்கிக்கொண்டு. நான் திரையைத் தொட்டுவிட்டேன். அவர் பார்க்காதவர்போல் டிரைவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கொடுத்த கதிரின் அளவுகள் மட்டும் திறக்கவில்லை. அது அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம். தகடுகளிலேயே ஒன்றில் அதன் பழைய மென்பொருளும் இருந்ததைக் கண்டுபிடித்து, அதைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி அவர் முயன்றார். சட்டென்று சாம்பல் உடம்பின் மேல் நிறக்கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு.

“வந்துடுச்சு மேடம்,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. முப்பது வருட வேலையில் எடுத்துவைத்த பேக்கப் முதல்முறையாக ஒருவருக்குப் பயன்படுகிறது. நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அந்த நிறங்களை எங்கள் இருவருக்குமே படிக்கத் தெரியாது.

டாக்டருக்குத் தெரிந்தது. காறையெலும்பைப் புதிய படத்தோடு ஒப்பிட்டு, ஆள் இவள்தான் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, நிறக்கோடுகளை அச்செடுத்திருந்த தாளில் தண்டைக் குறிக்கும் ஒரு சின்ன வட்டத்தைப் பேனா முனையால் காட்டினார். சிவப்புக் கோடு அதையும் உள்ளே வைத்துச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

“அந்தக் காலத்துக்கு நல்லாவே குடுத்திருக்காங்க. அதுலதான் இவ்வளவு வருஷம் ஓடியிருக்கு. ஆனா தண்டு முழுசா வாங்கியிருக்கும்மா. இனிமே இடமில்லை.” வலிக்கு மருந்து இருக்கிறது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று பிறகு மெதுவாகச் சொன்னார். பேனா மூடி இந்தமுறை மூடியே இருந்தது.

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“என்னக்கா, உன்னைப் பத்தி என்ன சொன்னாங்க?”

கேலியாகத்தான் கேட்டாள். அவளுடைய கேலி எப்போதும் பயத்திலிருந்து வருவது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை நான் கதவுக்கு அந்தப் பக்கமே தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“எனக்கு இனிமே குடுக்க முடியாதாம்டி.”

அவள் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். தாளை வாங்கி மடிமேல் வைத்து, அந்த நிறங்களைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, நகத்தால் நீவி மடித்து, மேலே என் பெயர் இருந்த ஓரத்தை மட்டும் நேராகக் கிழித்தெடுத்து என் கையில் வைத்தாள். மீதியை நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.