மசாதோவுக்கு ஒரு மணப்பெண்

மசாதோ வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் போனில் சொன்னது, "உள்ள ரெண்டு பேர் இருக்காங்கம்மா, ரெண்டு பேருமே அசையல" என்பதுதான். நாங்கள் அப்போது தோட்டத்தில் ஆப்பிள் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தோம். செண்டாய் நகரத்தில் தனியாக இருந்த மகன் செத்துவிட்டான் என்று கேட்டால் எந்தத் தாயும் அங்கேயே விழுந்துவிடுவாள். என் அக்கா மினேகோ விழவில்லை. கத்தரியைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்து, "யோஷி, மசாதோகூட ஒரு பொண்ணு இருந்திருக்கா" என்றாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

ரயிலில் போகும்போது முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினாள். யார் வீட்டுப் பெண்ணோ, எத்தனை நாள் சேர்ந்து இருந்தார்களோ, அறையில் அடுப்புப் புகை தங்கி இரண்டு பேரும் மூச்சடைத்துப் போயிருப்பார்களோ, அவளைப் பெற்றவர்களுக்கு யார் சொல்வார்கள், இரண்டு பேர் சாம்பலையும் ஒரே கல்லறையில் வைக்க அவர்கள் ஒத்துக்கொள்வார்களா. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத பிள்ளையைப் பற்றி ஊரில் எல்லோரும் கேட்டுக் கேட்டு அக்கா குன்றிப்போயிருந்தாள். மகனைப் பறிகொடுத்த அன்றைக்கு அவளுக்கு ஒரு மருமகளும் கிடைத்திருந்தாள். செண்டாயில் இறங்கும் வரைக்கும்தான்.

போலீஸ் நிலையத்தில் இருந்த பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டான். மசாதோவுக்கு இதயம் நின்றுவிட்டதாம். "கூட இருந்தது ஆள் இல்லைங்க. பொம்மைங்க. வீட்டுக்காரரு பயத்துல கதவண்டையிலேருந்து பாத்துட்டுச் சொல்லிட்டாரு" என்றான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. அக்கா, "பொம்மையா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

அறைக்குப் போனோம். சூடேற்றும் மேசையின் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியை மறைக்கும் முடி, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மடியில் கைகள். நகத்தில் பிறையும் புறங்கையில் நரம்பும் கூட இருந்தன. எனக்கே ஒரு கணம் தலை வணங்கத் தோன்றியது. தனியாக இருக்கும் ஆம்பிளைகள் எதற்காக வாங்கும் பொம்மை அது என்று எனக்குத் தெரியாதா என்ன? இந்த நாட்டில் அதை வாங்காத தெரு இல்லை, வாங்கியதாகச் சொல்லும் ஆளும் இல்லை. ஆனால் அவள் முன்னால் ஒரு கிண்ணமும் இருந்தது, அதன்மேல் சாப்ஸ்டிக்ஸ் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. மசாதோவின் கிண்ணம் எதிர்ப்பக்கம் கவிழ்ந்து கிடந்தது. அந்த இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்துத்தான் அக்கா உடைந்துபோனாள்.

செத்தவர் வீட்டைக் காலி செய்துகொடுக்கும் கம்பெனி ஆள் தன்மையானவன். இப்படி நிறையப் பார்த்திருப்பான் போல. "குப்பையில போட முடியாதுங்க. வெட்டிப் போட்டா பாக்குறவங்க போலீஸக் கூப்பிட்டுடுவாங்க. இதுக்குன்னே மந்திரம் சொல்லி வழியனுப்பி வைக்கிற இடம் இருக்கு, நாங்களே அனுப்பிடுறோம்" என்றான். பிறகு முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கடையில கிடைக்கிற முகம் இல்ல இது. போட்டோ குடுத்துச் செய்யச் சொல்லியிருக்காரு" என்றான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா அவளைத் தன்னுடன் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டாள்.

கல்யாணம் ஆகாமல் செத்த பிள்ளைகளுக்குக் கோயிலில் மணப்பெண் பொம்மை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணாடிப் பெட்டிக்குள் முழ உயரப் பொம்மை, பக்கத்தில் பிள்ளையின் போட்டோ. அந்த உலகத்தில் அவன் தனியாக அலையக் கூடாது, அவ்வளவுதான். மசாதோ அக்காவின் கனவில் வந்து வாசலில் ஷூவைக் கழற்றாமல் நின்றான். உள்ளே வாடா என்றால் வரமாட்டேன் என்கிறானாம். அக்கா சோறு தின்பதையே நிறுத்திவிட்டாள். சின்னப் பொம்மை ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்றேன். "அவன் தேடிக்கிட்டவ வீட்டுல இருக்கறப்ப நான் எதுக்குடி வேற ஒருத்தியத் தேடணும்?" என்றாள்.

கோயிலுக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆள் உயரப் பொம்மையா என்று பூசகரின் மனைவி முதலில் தயங்கினாள். அக்கா அழுத அழுகையில், சரி, பின்பக்கத்து அறையில் வைக்கலாம் என்று இறங்கி வந்தாள். "ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. உயிரோட இருக்கறவங்க பேரையோ முகத்தையோ வெச்சிடக் கூடாது. செத்தவன் கூப்பிட்டுக்குவான், அவங்களும் போய்ச் சேந்துருவாங்க." எங்கள் ஊரில் குழந்தைகளுக்குக்கூட இது தெரியும். "அதெல்லாம் இல்லம்மா" என்றாள் அக்கா.

பனி உருகத் தொடங்கியதும் ஒரு நாள் காலையில் அலங்கரித்தோம். அக்காவின் சொந்தக் கல்யாண உடை, வெள்ளைப் பட்டு. அவளோ முப்பது கிலோ கனம், நிற்கவும் மாட்டாள், வளைக்கவும் வர மாட்டாள். ஒரு கையை நுழைத்தால் மறு கை வெளியே வந்தது. இரண்டு கிழவிகள் பட்ட பாட்டை வேறு யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள், நாங்களும் ஒரு முறை சிரித்தோம். அப்புறம் நெற்றி முடியை எடுத்துவிட்டு மணப்பெண் கொண்டையை வைத்தோம். நெற்றி திறந்ததும் என் கை நின்றுவிட்டது. அகன்ற நெற்றி, இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் சின்னத் தழும்பு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு.

"அக்கா, இது பெட்ரோல் பங்க் சிஹாரு."

"தெரியும்" என்றாள் அக்கா. பொட்டுப் பொட்டாகப் பவுடரை ஒற்றிக்கொண்டே இருந்தாள். "செண்டாயில பாத்தப்பவே தெரியும்."

சிஹாரு அவனோடு படித்தவள். மூன்று குளிர்காலம் மசாதோ காசு வாங்காமல் அவர்கள் பங்கில் பனி அள்ளினான். ஏன் என்று ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். அவன் வாய் திறக்கவே இல்லை. அவள் வேறொருவனைக் கட்டி, அவனையும் இங்கேயே கொண்டுவந்து, அப்பாவின் பங்கை நடத்துகிறாள்.

"அவ செத்துப்போனா என்ன பண்ணுவ?"

"எம்புள்ள செத்துப்போகலையா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "அவளுக்கு எல்லாம் இருக்குடி. புருஷன், புள்ள, கடை. இருபது வருஷத்துக்கு மேல எல்லாம் அனுபவிச்சுட்டா. அவன் வாசல்ல நிக்கிறான். ஷூவக்கூடக் கழட்ட மாட்டேங்கிறான். நான் வேற என்ன பண்ணட்டும், சொல்லு."

அக்காவின்மேல் பயமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. இதெல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்டால், நம்பவில்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கி என் வேனின் பின் இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டோம். அக்கா பக்கத்தில் ஏறி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. இருந்தும் நான் பங்குக்குள் திருப்பினேன். அக்கா, "யோஷி" என்று மட்டும் சொன்னாள்.

சிஹாரு சிவப்புத் தொப்பியோடு ஓடிவந்தாள். "யோஷி அத்தை, ஃபுல்லாவா?" என்று கேட்டு, குழாயைச் செருகிவிட்டு, துணியால் கண்ணாடிகளைத் துடைக்கத் தொடங்கினாள். முன்கண்ணாடி, என் பக்கம், அப்புறம் பின்பக்கம். அங்கே கை நின்றது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒரே முகம், ஒன்றில் மட்டும் வெள்ளைப் பவுடர். வெளியே நின்ற முகத்துக்கு வயதாகியிருந்தது. உள்ளே இருந்தவளுக்கு இருபதுதான்.

அக்காவே கதவைத் தள்ளித் திறந்தாள்.

"மினேகோ அத்தை, இது யாரு?"

"மசாதோ கட்டிக்கப்போற பொண்ணு."

எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. வெள்ளைப் பட்டைப் பார்த்தாள், கோயில் சாலையைப் பார்த்தாள். ஆபீஸ் ஜன்னலில் அவள் மகள் எதையோ கத்தரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணுக்கு இப்பதான் அஞ்சு வயசு ஆகுது, அத்தை" என்றாள். அழவில்லை, கத்தவும் இல்லை. துணியை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு ஏன் அப்படித் தோணுது? உன் சாயலே இல்ல" என்றாள் அக்கா. இவ்வளவு மட்டமான பொய்யை என் அக்கா சொல்லி நான் கேட்டதில்லை.

"அவன் எங்கிட்ட ஒரு தடவகூடக் கேட்கல."

"கேட்டிருந்தா?"

சிஹாரு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். இந்த நேரத்தில் யாராக இருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். "மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனா எதிர்ல உக்காந்து பேசியிருப்பேன்."

பெட்ரோல் குழாய் தானாக டக்கென்று நின்றது. அக்கா திரும்பி, மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டை விலக்கினாள். தாடைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, அழுத்தித் திருகினாள். அது கழன்று வரும் என்று எனக்குத் தெரியாது. அக்கா தினமும் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தலையைக் கழற்றி மடியில் வைத்து வாரிவிட்டிருப்பாள் போலிருக்கிறது. திருகுத் தண்டு கிறீச்சிட்டது. கொண்டையோடு தலை அக்காவின் கைக்கு வந்தது.

"இது உன்னோடது. பிடி."

சிஹாரு துணியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். நாங்கள் எதையும் அப்படித்தான் வாங்குவோம். வாங்கிய பிறகுதான் தன் கையில் இருப்பதைப் பார்த்தாள். அக்கா கதவை இழுத்துச் சாத்தினாள்.

"கோயில்ல கேட்டா என்னக்கா சொல்லுவ?"

"முகம் இல்லன்னு சொல்லுவேன்." கழுத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்பின்மேல் முக்காட்டைப் போட்டு, நழுவாமல் கையால் பிடித்துக்கொண்டாள். "அவனுக்கு எதுதான் முழுசா கிடைச்சுது? வண்டிய எடு."

எடுத்தேன். காசு கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு பால் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். சிஹாரு நின்ற இடத்திலேயே நின்றாள். தரையில் வைக்க முடியவில்லை, மகள் இருக்கும் ஆபீஸுக்குள் கொண்டுபோகவும் முடியவில்லை. தூறல் விழத் தொடங்கியிருந்தது. அந்தக் கண்கள் மூடாதவை. அதனால் அவள் அந்தத் தலையை யூனிஃபார்மோடு அணைத்துக்கொண்டு, மழை படாமல் கண்களின்மேல் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்திருந்தாள்.