ஒற்றை நாள் கோட்டு

ஆணியில் தொங்குகிறது கோட்டு, கைகள் இரண்டும் சற்றே முன்னால் வளைந்து, யாரையோ தூக்கி நிறுத்தப் போவதுபோல, உள்ளே ஆள் இல்லை, ஆனாலும் தோள்கள் அவனுடையவை, எனக்கு அவ்வளவு அகலம் கிடையாது, பாரிஸில் ஆறாம் மாடி அறையில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இது எந்த வருடத்துக் குளிர், இருபத்தாறா, அதற்குப் பிறகா, கோட்டு ஒன்றுதான், நாங்கள் இரண்டு பேர், நானும் தைரியநாதனும், இருவருக்கும் ஊர் காரைக்கால், இருவருக்கும் எழுத்துப் பைத்தியம், ஒற்றைப்படைத் தேதியில் கோட்டு எனக்கு, இரட்டைப்படையில் அவனுக்கு, கோட்டு இல்லாதவன் போர்வைக்குள் உட்கார்ந்து எழுத வேண்டும், அப்படித்தான் பேச்சு. முப்பத்தொன்று முடிந்து ஒன்றாம் தேதி வந்தால் தொடர்ந்து இரண்டு நாள் எனக்கு, அந்த இரண்டாவது நாள் அவன் கதவை மறித்து நின்று, காலண்டர் செஞ்சவன் ஒன் மாமனாடா என்பான், நான் சிரித்துக்கொண்டே பொத்தான் போடுவேன்.

அவன் யுத்தத்துக்குச் சொல்தாவாக, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, வந்து இங்கேயே தங்கிவிட்டவன், பிரெஞ்சைக் காதால் கற்றவன், ரொட்டிக் கடைக்காரியோடு சண்டை போடும் அளவுக்குப் பேசுவான், ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாது, கதை எழுதுவது தமிழில். நான் சட்டம் படிக்க வந்தவன், சட்டப் புத்தகத்தைத் தொடாமல் ருஷ்ய நாவல்களைப் பிரெஞ்சில் படித்துப் படித்து, என் கனவுக்குள் பனி வண்டிகள் மணியடித்துக்கொண்டு போகும், அவற்றில் ஒன்றிலிருந்து நான் இறங்குவேன், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்த எல்லோரும் மதாம் லெஃபோர் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள், அவர் ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினார், ஞாயிறு மதியங்களில் ஊரைவிட்டு வந்த எழுத்தாளர்கள் அங்கே கூடி, தங்கள் ஊரைத் திட்டிக்கொண்டே தங்கள் ஊரைப் பற்றி எழுதியதை வாசிப்பார்கள். கிழக்கிலிருந்து ஒரு கதைக்கு இடம் வைத்திருக்கிறேன் என்றார் மதாம், மூன்று மாதம் உழைத்துப் பிரெஞ்சிலேயே எழுதிக் கொடுத்தேன், நீங்கள் நிறையப் படிக்கிறவர் முசியே, கதையில் அது தெரிகிறது என்று திருப்பித் தந்தார், உங்கள் ஊர்க்காரர் வேறு யாராவது எழுதுகிறாரா என்று கேட்டார், என் வாய் அவன் பெயரைச் சொல்லிவிட்டது.

அவன் கதையை மதாமுக்காகப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க உட்கார்ந்த அந்தக் காலை, கோட்டு அவனோடு வெளியே போயிருக்கிறது, போர்வைக்குள் நானும் அவன் கதையும். காரைக்கால் தபால்காரர் ஒருவர், அவர் மகன் யுத்தத்தில் இறந்த சேதி அவருக்கே தபாலில் வருகிறது, அதைப் பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு மற்ற எல்லாக் கடிதங்களையும் வீடு வீடாகக் கொடுத்து முடிக்கிறார், பையில் ஒன்றுதான் மிச்சம், தன் தெருவுக்குள் திரும்புகிறார். அதற்குப் பிறகு கடைசியாக ஒரு வாக்கியம், தன் வீட்டு வாசலில் நின்று தன் பெயரைத் தானே உரக்கக் கூப்பிட்டார். படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தேன், இது எனக்கு வந்திருக்க வேண்டும், படித்தவன் நான், ஏங்கியவன் நான், சலவைக்காரி துணி சுற்றித் தரும் காகிதத்தின் பின்பக்கத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறவனுக்கு ஏன் வந்தது. இந்த ஊரில் தபால்காரர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கடிதம் கதவடியில் வந்து கிடக்கும், ஆகவே இவர்களுக்கு விளங்காது, இப்படி எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன், முடிவு இல்லாமல் கதை கெடட்டும் என்றுதான் விட்டேன்.

அவன் கதையை மதாம் கூட்டத்தில் வாசித்துக் காட்டப்போகும் ஞாயிறு ஜனவரி பதினேழு, ஒற்றை நாள், என் நாள். டேய், இன்னிக்கி ஒருநாள் குடுடா, கல்யாண மாப்ள மாதிரி போயிட்டு வந்துடறேன் என்றான், போயிட்டு வா என்று நானே தோள் தூசியைத் தட்டிவிட்டேன், மதியம் முழுக்க ஜன்னலடியில் உட்கார்ந்து அவர்கள் கொட்டாவி விடுவதை நினைத்துப் பார்த்தேன், எண்ணி எண்ணி மகிழ்ந்தேன். இருட்டும் முன்பே வந்துவிட்டான், கோட்டைக் கழற்றி மாட்டினான், எப்படி இருந்துச்சு என்றேன். மதாம் கடைசி வரைக்கும் வாசிச்சாடா. அப்புறம்? அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க, எந்திரிச்சு நின்னு கையத் தட்டுனாங்க. என் கனவின் பனி வண்டியிலிருந்து அவன் இறங்கிவிட்டான். அந்தக் கெழவி அழுதுட்டாடா, வாசல் வரைக்கும் வந்து நிறுத்திட்டியே, உள்ள வுடலியேன்னு என் கையப் புடிச்சிக்கிட்டா. சொல்லிவிட்டு என்னையே சற்று நேரம் பார்த்தான், பிறகு, நீ சாப்புட்டியா என்றான். அவ்வளவுதான் கேட்டான். பிறகு வந்த மாதங்களில் அந்த முடிவைப் பற்றிப் பெரிய பத்திரிகைகள்கூட எழுதின, கதவுக்கு முன் நிற்கத் தெரிந்த கலைஞன் என்றன, ஒவ்வொன்றையும் நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன், என் கை செய்ததற்கு அவன் பெயரைச் சொல்லி, திருடன் நானா அவனா என்று குழம்பி, ஒற்றை நாட்களில் அந்தக் கோட்டுக்குள் அவன் வியர்வை வாசத்தோடு நடந்து.

மூன்று வருடம் கழித்து அவன் ஊருக்குப் போகிறான், மார்செய் ரயில் புகை விடுகிறது, ஜன்னல் வழியே கோட்டைக் கழற்றி நீட்டுகிறான், இந்தா, காரைக்கால்ல இத மாட்டுனா நாயி தொரத்தும், இனிமே இரட்டை நாளும் ஒனக்குத்தான், எடுத்துக்க. ரயில் நகர்ந்தது, அல்லது நான் நகர்ந்தேன், கோட்டு கையில் சூடாகக் கனத்தது, போடாமல் சுமந்துகொண்டு நடுங்கியபடி ஆறு மாடி ஏறி ஆணியில் மாட்டினேன், பிறகு தொடவில்லை. இன்று ஒரு இரட்டை நாள், குளிர் தாங்கவில்லை, எழுந்து கையை நுழைக்கிறேன், உள்பையில் காகிதம் இடறுகிறது, ரயில் ஏறும் முன் வைத்திருக்கிறான், சலவைக் காகிதம், அவன் கதையின் தமிழ்ப்படி, கடைசி வாக்கியத்தின் மேல் அவன் பேனா ஒரு கோடு போட்டிருக்கிறது, அழுத்தமில்லாத கோடு, பக்கத்தில் பொடி எழுத்தில், மதாம் வாசிச்சப்பவே இந்த வரி இல்லன்னு தெரிஞ்சிடுச்சு, நீ வெட்டுனதுதான் சரிடா. கீழே தேதி, ஜனவரி பதினேழு.

அன்றே தெரிந்திருக்கிறது, மூன்று வருடமும் தெரிந்திருக்கிறது, என் துரோகத்தையும் ஒரு நல்ல யோசனையாக வாங்கி வைத்துக்கொண்டுவிட்டான், பொறாமைப்பட எனக்கு இதுவும் ஒன்று. சரியில்லைடா, அந்த வாக்கியம்தான் கதை என்கிறேன், யாரிடம். அவனும் அதைக் கோடிட்டு அடித்துவிட்டான், இனி அந்த வாக்கியத்துக்கு என்னைவிட்டால் வேறு இடமில்லை. கோட்டின் தோள்கள் எனக்கு வெளியே தொங்குகின்றன, பொத்தானைப் போட்டுக்கொள்கிறேன், கதவைத் திறந்து வெளியே போய், சாத்திக்கொண்டு, என் அறைக்கு முன்னால் நிற்கிறேன், நின்று, ஆறு மாடிக்கும் கேட்கும்படி, என் பெயரை நானே கூப்பிடுகிறேன்.